உடம்பு வலி தலைவிதியா?
(மணியாச்சி தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைக்கும் பெண்ணும் கரிசலில் பருத்தி எடுக்கும் பெண்ணும் நம்மிடம் ஒன்றையே சொல்கிறார்கள்: "உடம்பெல்லாம் வலி. தூங்கி எழுந்தாலும் அசதி தீரவில்லை." ரத்தத்தைச் சோதித்தாலும், எக்ஸ்ரே எடுத்தாலும் கோளாறு தெரிவதில்லை. மேஸ்திரி "வேலைக்கள்ளி" என்கிறார். வீட்டிலோ "இவள் ஆத்தாளுக்கும் இப்படித்தான், தலைவிதி" என்கிறார்கள். இரண்டும் தவறு.

மாதக்கணக்கில் நீடிக்கும் இத்தகைய வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா காரணமாக இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். வலியை உணர்த்தும் நரம்பும் மூளையும் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவதே இந்நோய். வலி பொய்யல்ல.

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மூட்டுவாத நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினரைவிட, இந்நோயாளிகளின் உறவினருக்கு இது வரும் வாய்ப்பு சுமார் 8 மடங்கு எனத் தெரிந்தது. ஆனால் இதற்கென்று தனியொரு ஜீன் கிடையாது. விதை இருந்தால் போதுமா? மண்ணும் ஈரமும் வேண்டாமா? காயம், தொற்றுநோய், தீராத கவலை, தூக்கக்கேடு ஆகியவை இதைக் கிளப்பிவிடக்கூடும்.

1975-ல் கனடா விஞ்ஞானிகள் ஆரோக்கியமானவர்களை ஆழ்ந்து தூங்கவிடாமல் செய்து பார்த்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலியும் அசதியும் கண்டன. ராத்திரி ஷிப்டு பார்க்கும் நமக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

பிறப்பை நம்மால் மாற்ற முடியாது. உழைக்கும் நிலைமையை மாற்றலாம். சிறிது சிறிதாகக் கூட்டும் நடையும் பயிற்சியும் நோயாளிக்கு நல்லது. வலி என்பவளைக் கேலி செய்யாமல் நம்புவோம். ஒழுங்கான ஷிப்டு, போதிய ஓய்வு, முறையான வைத்தியம் ஆகிய மூன்றையும் சங்கத்தின் மூலம் ஒன்றுபட்டுக் கேட்போம்!