துண்டறிக்கைத் தமிழ்



மொழிபெயர்ப்பு என்றதும் நமக்குக் காவியங்களே நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்ததோ துண்டறிக்கைகளைப் பற்றி. ஊதியமும் பெயரும் கருதாது தொண்டு நிறுவனங்களுக்குச் செய்யப்படும் மொழிபெயர்ப்பு அது. இப்பணிக்கெனவே 1993-இல் பிரான்சில் 'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்' என்னும் அமைப்பு தோன்றியது.

2017 ஆகஸ்டு இறுதி தொடங்கி, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு அகதிகளாய் வந்து சேர்ந்தனர். உதவ நின்றோரில் பலர் சிட்டகாங் வட்டார மொழியினர். இரண்டும் உடன்பிறந்த மொழிகள். பேச்சு புரியும் என்றே நம்பினர். நோயாளி வந்து, 'உடம்பு விழுகிறது' என்று பொருள்படும் தொடரைச் சொல்வார். கேட்பவர் களைப்பென்று கொள்வார். ரோகிங்கியா வழக்கிலோ அது வயிற்றுப்போக்கு! நெரிசல் மிக்க முகாமில் இப்பிழை உயிர்ப்பிழை. மேற்சொன்ன அமைப்பு இவ்விரு மொழிகளோடு வங்காளம், பர்மியம், ஆங்கிலம் சேர்த்து ஐமொழிச் சொற்பட்டியல் தொகுத்தது.

நாம் மட்டும் என்ன? 'வயிற்றால் போகிறது' என்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அயலார்க்கு என்ன விளங்கும்?

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முன்பொருமுறை ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கினேன். 'கழிச்சலுற்ற மகவுக்கு நீரிழப்பு மீட்புக் கரைசல் புகட்டுக' என்று எழுதி, என் தமிழில் நானே மயங்கினேன். அச்சாகி வந்தபின் ஒரு தாயிடம் படிக்கக் கொடுத்தேன். பிழையின்றிப் படித்தார். பிறகு, "இது எந்தக் கடையில கிடைக்கும் சார்?" என்றார். அவர் வீட்டு மாடத்திலேயே அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் நீர் என்பதையும் நான் 'தக்க அளவு நீர்' என்று அழகுபடுத்தியிருந்தேன். நீர் குறைந்தால் கரைசலே குழந்தைக்குக் கேடு என்பதை மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவு உறக்கமில்லை.

பேச்சு வழக்கைக் காது கொடுத்துக் கேட்பவர் கவிஞரே. (எல்லாக் கவிஞரும் அல்லர், நானே சாட்சி.) அந்தத் துண்டறிக்கையைத் திருத்தி எழுதி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் நான்கு வீடுகளில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். வரும் ஞாயிறு காலை என்னோடு வர இருவர் தேவை. பெயர் தருவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கலாம்.