நிவாரணம் பெற்றவர் யார்? கேட்பது மக்களின் உரிமை
(விவசாயிகள் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



கொரோனா பொதுமுடக்கத்தின் இரண்டாம் நாளான 2020 மார்ச் 26 அன்று, ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய் ஏப்ரலிலேயே வழங்கப்படும் என்பது அதன் ஒரு பகுதி. அது புதிய உதவி அன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிஎம் கிசான் திட்டத்தில் எப்படியும் தர வேண்டிய தவணையே முன்கூட்டித் தரப்பட்டு, நிவாரணம் எனப் பெயர் சூட்டப்பட்டது.

அந்தத் தொகையேனும் உரியவரைச் சென்றடைந்ததா? நிலம் தம் பெயரில் உள்ளவரே இத்திட்டத்தின் பயனாளி. எனவே குத்தகை விவசாயியும், விவசாயத் தொழிலாளியும், மாமனார் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் உழைக்கும் கைம்பெண்ணும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். மறுபுறம், தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் சென்றதை ஒன்றிய வேளாண் அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வருமான வரி செலுத்துவோர். 2021 ஜனவரியில் இவ்வுண்மை வெளிவந்தது அரசு தானாக முன்வந்து சொன்னதால் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேள்வி எழுப்பியதால்தான்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்ததும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. பொதுமுடக்கக் காலத்தில் பதிவு முறை தளர்த்தப்பட்டபோது, அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி ஏறத்தாழ ஐந்தரை லட்சம் தகுதியற்றோர் சேர்க்கப்பட்டனர். 110 கோடி ரூபாய் முறைகேடு 2020 செப்டம்பரில் அம்பலமானது. புதிதாகச் சேர்ந்த பெயர்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். எவர் உழுகிறார், எவர் உழவில்லை என்பதை ஊர் அறியும், கணினி அறியாது.

மானியத் திட்டப் பயனாளிகளின் விவரங்களை அரசு தானே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடமே ஒப்படைத்தது. இவை மக்கள் போராட்டங்களால் விளைந்த உரிமைகள்.

இன்று அவ்வுரிமைக்கே ஆபத்து வந்துள்ளது. தனிநபர் விவரங்களையும் பொதுநலன் கருதி வெளியிடலாம் எனத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வழி, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாக நீக்கப்பட்டது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் காக்கப்பட வேண்டியவைதாம். ஆனால் பொதுப்பணத்தைப் பெற்றவர் பெயரும், ஊரும், தொகையும் மறைக்கத்தக்க இரகசியங்கள் ஆகா.

இந்த இரகசியம் யாரைக் காக்கிறது? இரண்டாயிரம் ரூபாய் பெற்ற சிறு விவசாயி எத்தனை சரிபார்ப்புகளுக்கு வேண்டுமானாலும் ஆட்படுகிறார். அதே பெருந்தொற்றின் பெயரால் திரட்டப்பட்ட பிஎம் கேர்ஸ் நிதியமோ தகவல் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டதன்று என நீதிமன்றத்திலேயே வாதிடப்பட்டது. எளியவனுக்கு ஒரு நீதி, வலியவனுக்கு வேறு நீதியா?

பயனாளிகள் பட்டியல் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். அதில் விடுபட்ட குத்தகை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்க்கப்பட வேண்டும். முறைகேட்டுக்குத் துணைபோன அதிகாரிகளையும் இடைத்தரகர்களையும் விட்டுவிட்டு ஏழைகளிடம் மட்டும் பணத்தைப் பறிக்கும் போக்கு கைவிடப்பட வேண்டும். பிஎம் கேர்ஸ் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். 8(1)(ஜே) பிரிவு பழைய வடிவில் மீட்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை ஊர்தோறும் கொண்டு செல்வதே விவசாயிகள் இயக்கத்தின் உடனடிக் கடமை.