ஓடத்துறையும் இரு கரையும்



வைப்பாறு கடலோடு கலக்கும் இக்கீழவைப்பாரில் ஆறும் ஓடமும் நமக்குப் புதியன அல்ல. வடகிழக்குப் பருவமழை பொழிந்தால் ஆறு எத்துணை வேகத்தோடு வரும் என்பதை நாம் அறிவோம். ஆதலின் இன்று ஓடத்துறையைப் பற்றியே சிந்திப்போம்.

திருவாரூர்ப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூரை வணங்கத் திருஞானசம்பந்தர் அடியார்களோடு வந்தபோது, இடையே ஆறு பெருவெள்ளமாய் ஓடிற்று. ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிவிட்டுச் சென்றுவிட்டனர். பிள்ளையார் ஓரோடத்தை அவிழ்த்து, அடியார்களை ஏற்றி, தம் நாவையே துடுப்பாகக் கொண்டு பதிகம் பாடினார். ஓடம் மறுகரை சேர்ந்தது. சேக்கிழார் பெருமான் இதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். ஐப்பசித் திங்களில் அத்தலத்தில் நிகழும் ஓடத் திருவிழா இதன் நினைவேயாம்.

இதனைக் கேட்ட நாம் அவ்வோடக்காரர்களை அன்பிலாதவர் என்று இகழலாமோ? ஆகாது. வெள்ளத்தின் வேகமறிந்து ஓடத்தைக் கட்டிவைப்பதும் அத்தொழிலின் அறமே. நம்பி ஏறுவோரின் உயிர் அவர் கையில் அன்றோ இருக்கின்றது!

அதே சம்பந்தர், இராமேசுவரத்தில் நின்றே கடலுக்கு அப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தைப் பாடினார் என்பது வரலாறு. ஆற்றை ஓடத்தால் கடந்தவர், கடலை உள்ளத்தால் கடந்தார்.

பிற்காலத்தில் அக்கடலுக்கும் ஒரு துறை வாய்த்தது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. இக்கரையில் இரயிலை விட்டிறங்கிக் கப்பலேறியோர், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து, அக்கரையில் கொழும்பு இரயிலில் ஏறினர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1980களில் இலங்கையில் போர் மூண்டபின் அதுவும் நின்றது.

போர்ச்சுக்கீசியரால் இடிக்கப்பட்ட கேதீச்சரத்தை மீண்டும் எழுப்புமாறு 1872இல் ஆறுமுக நாவலர் சைவர்களை வேண்டினார். அவ்வாறு எழுந்த திருக்கோயிலும் 1990களில் அடியார் செல்லவியலாத போர்க்களத்தின் நடுவே அகப்பட்டது. புயல் அழித்த துறைக்கு வேறு துறை விரைவில் கிடைத்தது. மாந்தர் பகை மூடிய துறையோ பல்லாண்டுகள் மூடியே கிடந்தது.

2011இல் நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விடப்பட்டுச் சில திங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சென்ற கப்பலும் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது.

அன்பர்களே, ஓடமும் ஓட்டுவோனும் இருந்தால் மட்டும் துறை ஆகாது. இரு கரையும் இணங்க வேண்டும். கப்பல் ஓடும் நாளில் சென்று வணங்குவோம். ஓடாத நாளில், பிள்ளையார் காட்டிய வழியே, இக்கரையில் நின்று கேதீச்சரப் பதிகத்தை ஓதுவோம். இரு கரையிலும் பகை நீங்குக என்று வேண்டுவோம்.

திருச்சிற்றம்பலம்.