பருவத்துக்கு ஒரு கரை

இலங்கைக் கடற்கரைக்குப் போக எந்த மாதம் நல்லது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. அந்தத் தீவுக்கு இரண்டு பருவக்காற்று. ஒரு கரை கொந்தளிக்கும்போது எதிர்க்கரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். விடுமுறை எந்த மாதம் என்று பார்த்த பிறகே கரையைத் தேட வேண்டும்.

மத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ மண்டிகளில் வண்டிகள் வரிசை கட்டும் மே மாதத்தில் தென்மேற்குக் காற்று கொழும்பு, காலிக் கரைகளை எட்டும். செப்டம்பர் வரை அது நீடிக்கும். ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அது காய்ந்த அனல்காற்று. மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் என்று பெயர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. அப்போது கிழக்குக் கரை நனையும், தெற்கும் தென்மேற்கும் தெளியும். அக்டோபர், நவம்பரில் எந்தக் கரையையும் நம்ப முடியாது. மாலையில் இடிமழை, வங்கக்கடலில் புயல்.

சுற்றுலா வருவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டவர்கள் மீனவர்கள். மேற்கே நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிழக்கே போய், மணலில் கிடுகு வேய்ந்த வாடிகளில் தங்கித் தொழில் செய்து, காற்று மாறியதும் ஊர் திரும்புவது நெடுநாள் வழக்கம். கரையைத் தேர்ந்தெடுக்க இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கிழக்குக் கரையின் பாசிக்குடா. கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகிய பிள்ளைக்கு அலை புதிது. அங்கே பவளப்பாறை அலையை வெளியிலேயே உடைத்துவிடும், வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். மீன் பார்க்க, அதே கரையில் நிலாவெளிக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்காவான அங்கே முகத்தில் கண்ணாடி மாட்டிக் குனிந்தாலே போதும், பவளத்தின் நடுவே சிறு சுறாக்கள் நழுவுவது தெரியும். பவளத்தை மிதிக்கக் கூடாது, அது உயிர். தெற்கே ஹிக்கடுவையின் பவளம் 1998-இல் கடல் சூடேறி வெளுத்து, பெரும்பகுதி மடிந்தது.

அலைச்சறுக்குக்காரர்கள் மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையின் அறுகம்பேயில் கூடுவார்கள். தென்கடலில் பிறந்த அலை அங்கே முனையைச் சுற்றி வளைந்து நீளமாக ஓடும். மேற்கே கற்பிட்டி மட்டும் விதிவிலக்கு: பட்டத்தைப் பிடித்துச் சறுக்குகிறவர்களுக்குக் காற்றே தேவை என்பதால், தென்மேற்குக் காற்றுக் காலம்தான் அங்கே உச்சம்.

அரையாண்டு விடுமுறைக்கு உனவட்டுன, மிரிசை. தெற்கே கரையை ஒட்டியே ஆழ்கடல் தொடங்கிவிடுவதால், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிசையில் காலைப் படகு ஏறியவர்கள் நீலத்திமிங்கிலத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அதே கரையில் ஜூன் மாதம் சிவப்புக் கொடி பறக்கும். அப்போது நல்ல நீச்சல்காரரும் இறங்கக் கூடாது, உள்ளிழுப்பு அவ்வளவு கடுமை.

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. தெற்குக் கரைக்கு அங்கிருந்து சில மணி நேரமே. கிழக்குக் கரைக்குத் தீவையே குறுக்காகக் கடக்க வேண்டும், போகவும் வரவும் தனித்தனியே ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.