எத்தனை நாளாய் இப்படி?

(பங்கு யூபிலி ஆண்டின் குடும்ப தினத்தன்று கோவில் வளாகத்தில் ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் கோவில் பிறந்த கதையைப் பேசுவதே முறை. அதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சுவாமி எங்களைப் பேசச் சொன்னது வேறு காரியம். எங்கள் மகளுக்கு வந்த நோயைப் பற்றிக் கணவனும் மனைவியுமாகச் சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. மாலைச் செபமாலையில் மங்கள வார்த்தையைப் பாதி சொல்லுவாள், சட்டென்று நின்றுவிடுவாள். கண் திறந்தே இருக்கும், இமை மட்டும் லேசாகத் துடிக்கும். பத்து எண்ணுவதற்குள் மறுபடி சொல்லத் தொடங்குவாள். பராக்குப் பார்க்கிறாள் என்று நாங்கள் தொடையில் கிள்ளியதுண்டு. இதை இந்தச் சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பள்ளியிலிருந்தும் கவனக்குறைவு என்றே எழுதி வந்தது. சொல்வதெழுதும் நோட்டில் நடுநடுவே இரண்டு மூன்று சொற்கள் இருக்காது. அந்த இடைவெளிகளை நாங்கள் சோம்பல் என்று படித்தோம்.

வீட்டுப் பெரியவர்கள் பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்றார்கள். தீர்த்தம் தெளித்தோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். அதில் தவறில்லை. வைத்தியரிடம் போகாமல் ஒரு வருஷம் கழித்ததுதான் தவறு.

ஒருநாள் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது கையை உதறிக்கொண்டு முன்னே போனவள், நடுரோட்டில் அப்படியே நின்றாள். ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவளோ, எதற்காக எல்லோரும் கத்துகிறார்கள் என்று கேட்டாள்.

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "எத்தனை நாளாய் இப்படி?" மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த தகப்பனிடம் ஆண்டவரும் அதையேதான் கேட்கிறார். குணமாக்கும் வல்லமை உள்ளவரே விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்! அந்தத் தகப்பன் சிறுவயது முதல் நடந்ததையெல்லாம் சொல்லுகிறான். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் குறித்து வைக்கவில்லை.

பிறகு மருத்துவர் ஒரு காகிதக் காற்றாடியை அவள் கையில் கொடுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிஷம் ஆகுமுன்னே காற்றாடி நின்றது; எங்கள் மகளும் நின்றாள். "அப்சன்ஸ் வலிப்பு மாதிரி தெரிகிறது, ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்ப்போம்" என்றார். கீழே விழாமல், கைகால் உதறாமல், நுரை தள்ளாமல் வலிப்பு உண்டா என்று நாங்கள் வாதாடினோம். உண்டாம். பெரும்பாலும் நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்குமாம். ஒரே நாளில் பத்துத் தடவையும் வரும், நூறு தடவையும் வரும். பகல் கனவு காணும் பிள்ளை தொட்டுக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். இந்தப் பிள்ளை தானாகத் தெளியும்வரை திரும்பாது, நடந்ததும் நினைவிராது.

ஈ.ஈ.ஜி.க்குப் பயப்பட வேண்டாம். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போகவேண்டும். தலையில் கம்பிகளை ஒட்டுவார்கள். உடம்புக்குள் கரண்ட் எதுவும் பாய்ச்சுவதில்லை. மூளையில் இருக்கும் மின்சாரத்தைத்தான் அது எழுதுகிறது. இந்த நோய்க்கு விநாடிக்கு மூன்று வீதம் கூர் அலைகள் ஒரே சீராக வரும். அமெரிக்க மருத்துவர்கள் 1935-இலேயே இதைக் கண்டு எழுதினார்கள். வசதி குறைந்தவர்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

மருந்து விஷயம் முக்கியம். வலிப்பு மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. மற்ற வலிப்புகளுக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், பினிடாயின் போன்றவை இந்த வகையை அதிகமாக்கக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், 450-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எத்தோசக்சிமைடும் வால்புரோயேட்டும் நன்றாகக் கேட்டன. எத்தோசக்சிமைடு பிள்ளையின் கவனத்தைக் குறைவாகவே பாதித்தது. வால்புரோயேட் கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடியது. பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு வாலிபம் வருமுன் இந்த வலிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தும் நாளை நாம் தீர்மானிக்கக்கூடாது. ஒருமுறை நாங்களே தீர்மானித்தோம். மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

வலிப்பு அடங்கும்வரை சில கட்டுகள் உண்டு. ஏரியில் தனியே இறங்கக்கூடாது, நெடுஞ்சாலையில் சைக்கிள் கூடாது. செம்பரம்பாக்கத்துப் பிள்ளைக்கு ஏரியை மறுப்பது லேசல்ல. அவள் அழுதாள், நாங்கள் இறங்கிக் கொடுக்கவில்லை.

ஊருக்குத் தெரிந்தால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள் என்று உறவினர் கேட்டார்கள். 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில், வலிப்பு உள்ளவர் குருப்பட்டம் பெறத் தடை இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் வலிப்பின் பெயரே அந்த இடத்தில் இல்லை. நம் நாட்டுத் திருமணச் சட்டங்களில் வலிப்பைக் குறையாகச் சொன்ன சொல்லும் 1999-இல் எடுக்கப்பட்டது. உறவினர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலும்.

உங்கள் வீட்டில் பிள்ளை இப்படி நின்று நின்று பேசினால், தேதி, நேரம், எத்தனை விநாடி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடியுங்கள். எங்கள் வார்த்தையைவிட அந்த அரை நிமிஷப் படம் மருத்துவருக்கு உதவியது. பத்து நாள் எழுதிய பிறகு போகலாம் என்று காத்திராதீர்கள்; எழுதிக்கொண்டே போங்கள்.

இன்று மாலைவரை நாங்கள் இருவரும் மாதா கெபியருகே இருப்போம். மேடையில் கேட்கத் தயங்குகிறவர்கள் அங்கே வரலாம். எங்கள் நோட்டையும் கொண்டுவந்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம். வந்தவர் யார் என்று எங்கள் வாயிலிருந்து வெளியே போகாது.