நாற்பது நாளும் நாள் குறியாத விலக்கமும்



ஒரு சொல்லின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2020ஆம் ஆண்டில் நம் திசையன்விளைக் கடைத்தெருவில் படித்தவரும் படியாதவரும் ஒன்றுபோல் உச்சரித்த சொல் அது: குவாரன்டைன். வெளியூரிலிருந்து வந்தவரைப் பதினான்கு நாள் வீட்டுக்குள் இருக்கச் செய்து, வாயிலில் சீட்டு ஒட்டினார்கள் அல்லவா? ஆனால் அச்சொல்லுக்குள் பதினான்கு இல்லை, நாற்பதுதான் இருக்கிறது. வெனிஸ் நகர மக்களின் பேச்சில் குவாரன்டா என்றால் நாற்பது என்று பொருள்.

1347ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவைப் பிளேக் என்னும் கொள்ளை நோய் சூறையாடியது. நோய்க்குக் காரணமான கிருமியை அன்று எவரும் அறியார். ஆயினும் நோய் கப்பலோடும் சரக்கோடும் வருகிறது என்பதைத் துறைமுகத்தார் கண்டுகொண்டனர். ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ரகூசா என்றொரு வணிக நகரம். இன்று குரோவேஷியா நாட்டில் டுப்ரோவ்னிக் எனப்படுவது. அதன் பேரவை 1377ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு சட்டம் செய்தது. பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருவோர் ஒரு மாதம் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம். இச்சட்டம் அயலாருக்கு மட்டுமன்று, உள்ளூராருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. இதை நினைவில் வையுங்கள்; பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

முப்பது நாள் பிறகு நாற்பதாயிற்று. 1423இல் வெனிஸ் அரசு ஒரு தீவில் நிலையான தனிமை மருத்துவமனையை அமைத்தது. நாற்பது என்ற எண் ஏன்? நோவா காலத்தில் நாற்பது நாள் மழை பெய்தது. இயேசுநாதர் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்தார். லெந்து நாட்களை அனுசரிக்கும் நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கும், உவரி, மணப்பாடு மக்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கடும் நோய் நாற்பது நாளுக்குள் தன்னை வெளிப்படுத்திவிடும் என்ற கிரேக்க மருத்துவர் கொள்கையும் துணை நின்றது. இன்னொரு வியப்பு: இங்கிலாந்தின் சட்டத்தில் இதே சொல் முன்பு வேறொரு பொருளில் வழங்கியது. கணவனை இழந்தவள் அவன் வீட்டில் நாற்பது நாள் தங்கும் உரிமையை அது குறித்தது. 1215ஆம் ஆண்டின் மகாசாசனத்தில் அவ்வுரிமை காணப்படுகிறது. இன்று அதை நினைப்பவர் யார்?

நம் வீடுகளிலும் நாள் கணக்கு இருந்தது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவார்கள். உறவினர் உள்ளே வர மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் விட்டதும் வேப்பிலை அகலும், வீடு மீண்டும் பொது வீடாகும். பெயரில்லாவிடினும் இதுவும் ஒரு குவாரன்டைனே.

இனி, நம் முன்னோர் இச்சொல்லை எங்கே சந்தித்தனர் என்பதைச் சொல்ல வேண்டும். "கண்டிச்சீமைக்குப் போனவர்கள்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணியின் முன்பணக் கடனில் கட்டுண்டு சென்றவர்களில் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே. தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மலைநாடு வரை நடந்தனர். காலராவும் வயிற்றுப்போக்கும் வழிநெடுக அவர்களை வீழ்த்தின. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டே இந்திய அரசு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றியது. இலங்கை அரசும் தன் வாசலைக் காக்கலாயிற்று. தூத்துக்குடி வழியாகக் கொழும்பு செல்வோருக்குத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது! அங்கே தொழிலாளிகளைச் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, துணிகளை நோய்நீக்கம் செய்து, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினர்.

நோய்த்தடுப்பு என்ற முறையில் அதில் தவறில்லை. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் உண்டு. ஆனால் வசதியுள்ள பயணிக்கு ஒரு விதி, தோட்டத் தொழிலாளிக்கு முகாம் என்பது எந்தக் கிருமியின் சட்டம்? உள்ளூராரையும் அயலாரையும் ஒன்றாக நிறுத்திய ரகூசாவின் பழைய சட்டம் இவ்வகையில் மேலானது.

இங்கே ஒரு கூற்றுக்கு மறுமொழி கூற வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் சிலர், "நம் முன்னோர் வகுத்த தீண்டாமை சுகாதார ஏற்பாடே, இன்று உலகமே அதைப் பின்பற்றுகிறது" என்று எழுதவும் பேசவும் துணிந்தனர். இளைஞர்களே, இதைக் கேட்டுச் சினந்து எழுந்து போய்விடாதீர்கள். இருந்து விடை சொல்லுங்கள். குவாரன்டைன் ஐயத்தின் பேரில் வருவது. ஐயம் தீரும் நாள் முன்பே குறிக்கப்படுகிறது. காலராவுக்கு ஐந்து நாள், கொரோனாவுக்குப் பதினான்கு நாள் என்று அந்தந்த நோய் உடலில் மறைந்திருக்கும் காலத்தை அளந்தே அறிவியல் கணக்கிட்டது. தீண்டாமைக்கு நோயும் இல்லை, நாளும் இல்லை, பிறப்பே குற்றம். மேலும், காலரா தண்ணீரால் பரவும் நோய். பொதுக்கிணற்றை நமக்கு மறுத்து, குட்டை நீரைக் குடிக்க வைத்து, ஊரின் மலத்தையும் நம் கையாலேயே அள்ள வைத்த ஏற்பாட்டைச் சுகாதாரம் என்பதா? அது நோயைத் தடுக்கவில்லை. நோய் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று தீர்மானித்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது இதைத்தான்.

சொற்களில் எச்சரிக்கை தேவை என்பது இதனாலேயே. 2020இல் "சமூக விலகல்" என்ற தொடர் புழக்கத்துக்கு வந்தபோது நம்மவர் காதில் அது எப்படி ஒலித்தது என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமே அவ்வாண்டு மார்ச்சில் "உடல் இடைவெளி" என்பதே பொருத்தம் என்றது. விலக வேண்டியது உடல், சமூகம் அன்று.

மண்டபத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. 1964ஆம் ஆண்டின் சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் குடியுரிமை இழந்து திரும்பியபோது அதே மண்டபம் முகாமில்தான் இறங்கினர். 1983க்குப் பின் இலங்கை அகதிகளும் அங்கேயே வந்தனர். தொடர்வண்டி நிலையத்தின் பெயர் இன்றும் "மண்டபம் முகாம்".

உங்கள் வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ கண்டிச்சீமைக் கடவுச்சீட்டு, கங்காணியின் துண்டு, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை எதுவாயினும் கிடைத்தால், எரித்துவிடாமல் சங்க நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படி எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே திருப்பித் தரலாம்.