கடலில் ஏது சாலை?



காசி, கயா மாதிரி இப்போது அந்தமானுக்கும் நம்மவர்கள் கோஷ்டியாகப் போய்வருகிறார்கள். போன வருஷம் நாங்களும் போனோம். ஹேவ்லாக் என்று முன்பு சொன்ன ஸ்வராஜ் த்வீப் படகுத்துறையில் என் அத்திம்பேர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தோம். 2024-லிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே கவனிப்பில் குறையில்லை. ஆனால் ஆபரேஷனைச் சென்னையில் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தோம்.

அப்போதுதான் கண் திறந்தது. சென்னை சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் ஸ்ட்ரெச்சர் என்றால் பல சீட்டுகளுக்கான கட்டணம், டாக்டர் சான்றிதழ், முன் அனுமதி. எங்கள் பாலிசியைப் பிரித்தால், 'சாலை ஆம்புலன்ஸ், ரூ.2,000 வரை' என்று ஒரே வரி! 2020-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வந்த ஆரோக்கிய சஞ்சீவனியிலும் அதே 2,000 ரூபாய்தான் வைத்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த டெபாசிட்டை அக்கா முறித்தாள்.

ஆகவே டிக்கெட் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆகாய ஆம்புலன்ஸ் உண்டா? ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வெளிமாநில ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் பணம் தருவார்களா? முன்கூட்டியே யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள்.

அத்திம்பேர் இதோ முன்வரிசையில், கைத்தடியுடன் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொன்னேன்.